எலிப்பொறியும் தலைவிளக்கும்



நம் மன்ற மலரில் இலக்கியத்தைப் பற்றியும் மொழி வரலாற்றைப் பற்றியும் நல்ல கட்டுரைகள் வருகின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு சிறு கருவியைப் பற்றி எழுத முன்வந்திருக்கிறேன். நெற்றியில் பட்டை கட்டி மாட்டிக்கொள்ளும் மின்விளக்கே அக்கருவி. எழுத்தில் அதனைத் தலைவிளக்கு என்று கூறுவோம். தாராவிக் கடைகளில் ‘ஹெட் டார்ச்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். இரவில் எலிப்பொறி வைப்பவருக்கும், மழைக்காலத்தில் கால்வாய் ஓரம் வேலை செய்பவருக்கும், தவளையையும் பூச்சியையும் ஆராயச் செல்லும் விலங்கியல் மாணவருக்கும் இஃது இன்றியமையாதது.

“இதில் கற்பதற்கு என்ன இருக்கிறது? வெளிச்சம் மிகுந்ததைப் பார்த்து வாங்கிவிட வேண்டியதுதானே!” என்று நீங்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கலினா வளாகத்தில் இயற்பியல் படிக்கிறவன் என்ற செருக்கும் எனக்கு இருந்தது. அந்த எண்ணம் எவ்வாறு மாறியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓர் இரவில் நடந்தது

என் சித்தப்பா தாராவியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில் குடியிருக்கிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. உணவு விடுதிகளிலும் அரிசிக் கிடங்குகளிலும் எலி பிடித்துக் கொடுக்கும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் அவருக்கு வேலை. இரவு 11 மணிக்குக் கூண்டுகளைத் தூக்கிக்கொண்டு மாட்டுங்கா பக்கம் புறப்படுவார். சுவரோரங்களில் அவற்றை வைப்பார். நடுவில் இருமுறை சுற்றிப் பார்ப்பார். விடிவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திரும்புவார். ஏழு மணி நேரம் இருட்டோடு வாழும் தொழில் அது.

பழைய கைடார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அவர் கூண்டைத் திறப்பதைக் கண்டு மனம் பொறாமல், சென்ற ஆடி மாதத்தில் ஒரு தலைவிளக்கு வாங்கிக் கொடுத்தேன். விலை 350 ரூபாய். பெட்டியின் மேல் பெரிய எண்கள் அச்சிட்டிருந்தன. போட்டவுடன் சந்தின் கடைசி வீடு வரை பகலாயிற்று. சித்தப்பா மகிழ்ந்தார், நான் அவரைவிட மகிழ்ந்தேன்.

இரண்டாம் நாள் இரவு இரண்டரை மணிக்கு, ஒரு கிடங்கின் பின்கட்டில் அவர் கூண்டை இழுத்துக்கொண்டிருந்தபோது, விளக்கு சட்டென்று அணைந்தது. மங்கவில்லை, மினுக்கவில்லை, அணைந்தது. ஒளிக்குப் பழகிய கண்ணுக்கு இருட்டு இருமடங்காகும் அல்லவா? ஓரடி பின்வைத்தார். உடைந்த சாக்கடைப் பலகைக்குள் கால் இறங்கியது. முழங்காலுக்குக் கீழே நீளமாகச் சிராய்ந்து, அழுக்கு நீரில் நனைந்தது. எட்டு நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்துக் குணப்படுத்தினார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் மூன்று வாரம் வேலை இல்லை. வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை.

மருத்துவமனைக் கட்டிலில் சித்தப்பா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: “வெளிச்சம் கொறச்சலா இருந்தாலும் பரவால்லலே. அணையுறதா இருந்தா சொல்லிட்டு அணையணும்.”

நான் ஒளியியல் பாடத்தில் படித்தவற்றையெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மீண்டும் படித்தேன். அப்படிப் படித்ததில் தேறியதே இக்கட்டுரை.

எலியும் இந்நகரமும்

எலி பிடிப்பதைச் சிறு தொழில் என்று எண்ணுவோர் இந்நகரின் வரலாற்றை அறியாதவர்கள். 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் ஒரு நோயாளியைச் சோதித்த டாக்டர் அகாசியோ வியேகாஸ், பம்பாயில் பிளேக் புகுந்துவிட்டதை முதலில் கண்டறிந்தார். மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். இலட்சக்கணக்கில் ஊரை விட்டு ஓடினார்கள். ஹாஃப்கின் என்ற அறிஞர் பிளேக்குக்குத் தடுப்பூசி உருவாக்கி, 1897 ஜனவரியில் முதலில் தம் உடலிலேயே குத்திப் பார்த்தார். அவர் பெயர் தாங்கிய ஆய்வுக்கூடம் இன்றும் பரேலில் இருக்கிறது. 1898-இல் சீமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், நோய் எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சியின் மூலம் மனிதனுக்கு வருகிறது என்று காட்டினார்.

நெருக்கமும் காற்றின்மையும் நோயை வளர்க்கின்றன என்று கருதி, 1898-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை ஒன்று அமைக்கப்பட்டது. தாதர், மாட்டுங்கா பகுதிகளின் அகன்ற தெருக்களும் மரநிழலும் அதன் திட்டத்தில் பிறந்தவை. நாம் மாலையில் இட்லி உண்டு உலாவும் மாட்டுங்காவின் தெருக்களை வகுத்ததில் எலிக்கும் ஒரு பங்கு உண்டு!

பிளேக் போயிற்று, எலி போகவில்லை. 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாக்குரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் பரவியதை நம் பெற்றோர் மறக்கவில்லை. எலியின் சிறுநீரில் உள்ள லெப்டோஸ்பைரா என்னும் நுண்ணுயிர் தேங்கிய நீரில் கலந்து, காலில் உள்ள சிறு வெட்டின் வழியே உடலில் நுழைகிறது. ஆகவேதான் மும்பை மாநகராட்சி இரவில் எலி கொல்வதற்கென்றே ஆட்களை வைத்திருக்கிறது. ஓர் இரவுக்கு ஓர் ஆளுக்கு 30 எலி என்பது அவர்களுக்கு வகுக்கப்பட்ட கணக்கு. ஒரு கையில் தடி, மறு கையில் டார்ச். அவர்களுடைய வாழ்வை மிரியம் சாண்டி மெனாச்சேரி 2010-இல் ஓர் ஆவணப்படமாக எடுத்தார்.

தலையில் ஏன்?

கைடார்ச் இருக்கத் தலைவிளக்கு எதற்கு? முதற் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே: இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கின்றன. கூண்டின் வில்லை ஒரு கை அழுத்த, மறு கை கதவைப் பிடிக்கவேண்டும். மூன்றாவது கை நமக்கு இல்லை.

இரண்டாவது காரணம் இயற்பியலைச் சார்ந்தது. விலங்கின் கண்ணுக்குள் புகுந்த ஒளியில் ஒரு பகுதி, வந்த வழியே திரும்பிச் செல்கிறது. விளக்கு நம் கண்ணுக்கு அருகில் இருந்தால் அந்த ஒளி நம்மை வந்தடையும். இருட்டில் இரண்டு புள்ளிகள் மின்னும். அதே விளக்கை இடுப்பளவில் பிடித்தால் அம்மின்னல் பெரும்பாலும் நமக்குத் தெரியாது.

ஆனால் தலைவிளக்குக்கு ஒரு குறையும் உண்டு. ஒளியும் பார்வையும் ஒரே திசையில் செல்வதால் நிழல் மறைந்துவிடும். நிழல் இல்லாவிட்டால் மேடு பள்ளம் தெரியாது. கிடங்குத் தரையில் மாவு படிந்திருக்கும். அதன் மேல் எலியின் காலடித் தடம் இருக்கும். நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்கைக் கழற்றித் தரையோரம் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு தடமும் நிழலோடு எழுந்து நிற்கும். எலி எந்தச் சுவரை ஒட்டி ஓடுகிறது என்பதும், கூண்டின் வாய் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்பதும் அப்போது விளங்கும். ஆகையால் எளிதில் கழற்றி மாட்டக்கூடிய விளக்கே நல்லது.

தலைவிளக்கு முதலில் சுரங்கத்தில் வளர்ந்த கருவி. கோலார் தங்கவயலில், 2001-இல் சுரங்கம் மூடப்படும் வரை, நம் தமிழ்த் தொழிலாளர்கள் பல தலைமுறைகளாக நிலத்தடியில் உழைத்தார்கள். சுரங்கத்தாரின் மின்விளக்கில் பாட்டரி இடுப்பில் இருக்கும். கம்பி முதுகுவழி ஏறித் தொப்பியில் உள்ள விளக்கைச் சேரும். ஒரு முறை ஏற்றினால் ஒரு முழு வேலைநேரம் எரியவேண்டும் என்பதே அதற்கு முதல் இலக்கணம். எவ்வளவு ஒளி என்பது அதற்குப் பின்னரே. கடைப்பெட்டியில் அச்சிட்ட பெரிய எண்ணைக் கண்டு நான் மறந்துபோனது இந்த இலக்கணத்தைத்தான்.

முதற் கேள்வி: எத்தனை மணி நேரம்?

விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியை லூமென் என்ற அளவால் குறிப்பார்கள். பெட்டியில் ‘1000 லூமென்’ என்று கண்டதும் நாம் மயங்குகிறோம். அந்த ஒளி எங்கிருந்து வருகிறது? பாட்டரியிலிருந்து. பாட்டரியோ ஒரு குடம் போன்றது. குழாயை அகலத் திறந்தால் குடம் விரைவில் காலியாகும். இதனை ஒரு சிறு கணக்கால் காண்போம்.

சுண்டுவிரல் அளவுள்ள சிறிய பாட்டரிகள் மூன்று போட்ட விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் சேர்ந்து ஏறத்தாழ 4 வாட்-மணி ஆற்றல் இருக்கும். இக்காலத்து எல்.இ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் ஒளி தரும் என்று கொள்வோம். ஆக, நம் கையில் உள்ள முதல் 400 லூமென்-மணி. இதனை 400 லூமெனாகச் செலவிட்டால் ஒரு மணி நேரம். 100 லூமெனாகச் செலவிட்டால் 4 மணி நேரம். 50 லூமெனாகச் செலவிட்டால் 8 மணி நேரம். ஏழு மணி நேர வேலைக்குப் போகிறவர் எந்த ஒளியில் நடக்கவேண்டும் என்பது இப்போது தெளிவாகிறது அல்லவா?

“50 லூமென் போதுமா?” என்று கேட்பீர்கள். ஐந்தாறு அடி தூரத்தில் கூண்டைத் திறக்கவும், பத்தடி தூரத்தில் தரையைப் பார்த்து நடக்கவும் அது தாராளமாகப் போதும். மிகுந்த ஒளி குறுகிய சந்தில் தீமையும் செய்யும். வெள்ளைச் சுவரிலும் நீலத் தார்ப்பாயிலும் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கூசச் செய்கிறது. ஒளிவட்டத்துக்கு வெளியே இருப்பது எதுவும் தெரியாமற் போகிறது. கண் இருட்டுக்கு நன்கு பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு நொடிக் கூச்சம் அதனைக் கெடுத்துவிடும்.

எரியும் நேரத்தைப் பற்றிப் பெட்டியில் அச்சிடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பல நல்ல நிறுவனங்கள் 2009-இல் வகுக்கப்பட்ட எஃப்.எல்.-1 என்ற அமெரிக்க அளவுமுறையைப் பின்பற்றுகின்றன. அம்முறையில், தொடக்கத்து ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரமே எரியும் நேரம் எனப்படும். ‘100 லூமென், 40 மணி’ என்று இருந்தால் நாற்பது மணி நேரமும் 100 லூமென் கிடைக்கும் என்று பொருள் கொள்ளக் கூடாது. நாற்பதாவது மணியில் 10 லூமெனே கிடைக்கலாம். இதே முறையில், ஒளி செல்லும் தூரம் என்பது முழுநிலவின் ஒளியளவுக்கு அது தேய்ந்துபோகும் இடம் வரை அளந்த தூரம். அந்த எல்லையில் ஆள் நிற்பது தெரியலாம். காலடியில் இருக்கும் ஆணி தெரியாது.

இரண்டாவது கேள்வி: எவ்வகைப் பாட்டரி?

நான் வாங்கிய விளக்கில் இருந்தது லித்தியம் பாட்டரி. விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர் உள்ள உருளை அது. 18650 என்று பெயர். அதன் மேல் 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தது. பெயர்பெற்ற நிறுவனங்கள் செய்யும் இவ்வளவுள்ள பாட்டரிகளில் பெரும்பாலும் 2000 முதல் 3500 வரைதான் கொள்ளும். பிறகு நான் ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது என் பாட்டரியில் ஆயிரம்கூடத் தேறவில்லை. எண்ணைக் கண்டு ஏமாந்தவன் இயற்பியல் மாணவன்!

அளக்கும் கருவி எல்லோரிடமும் இராது. ஆனால் தராசு எந்த மளிகைக் கடையிலும் உண்டு. நல்ல 18650 பாட்டரி சுமார் 45 முதல் 50 கிராம் நிறை இருக்கும். என்னுடையது 30 கிராம்கூட இல்லை. உள்ளே பொருள் இருந்தால்தானே நிறை இருக்கும்? நிறை சரியாக இருப்பது மட்டுமே நல்ல பாட்டரிக்குச் சான்றாகாது. ஆனால் நிறை குறைந்ததை உடனே ஒதுக்கிவிடலாம்.

எவ்வகைப் பாட்டரி நல்லது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. ஒவ்வொன்றும் அணையும் முறை வேறு. சாதாரண அல்கலைன் பாட்டரி, ஒளியைச் சீராக்கும் மின்சுற்று இல்லாத விளக்கில், சிறுகச் சிறுக மங்கும். மாற்றிக்கொள் என்று நமக்குச் சொல்லும். லித்தியம் பாட்டரி கடைசி வரை ஏறத்தாழ ஒரே நிலையில் ஒளி தரும். பிறகு அதன் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதன் சிறப்பே அதன் ஆபத்து. எனவே லித்தியம் விளக்கு வாங்குவோர், பாட்டரி குறையும்போது ஒளியைப் படிப்படியாகத் தாழ்த்தும் வகையையோ, சிவப்புப் புள்ளியால் எச்சரிக்கும் வகையையோ தேடி வாங்கவேண்டும். ‘சொல்லிவிட்டு அணையும்’ விளக்கு என்று சித்தப்பா சொன்னதன் பொருள் இதுவே.

மற்றொன்று, பாட்டரியைக் கழற்றி மாற்ற முடியவேண்டும். உள்ளேயே அடைத்து வைத்த பாட்டரி, இரவு மூன்று மணிக்குத் தீர்ந்தால் செல்போன் சார்ஜரைத் தேடி எங்கே போவது? சிறிய பாட்டரிகள் மூன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் இரண்டு நிமிடத்தில் வேலை தொடரும். பழையதையும் புதியதையும் கலந்து போடக் கூடாது. வேலை இல்லாத மாதங்களில் பாட்டரியை வெளியே எடுத்துவிடவேண்டும். இல்லையேல் கசிந்து உள்ளே பச்சை பூத்துவிடும். லித்தியம் பாட்டரியைத் தலையணை அருகிலோ, துணி மூட்டை அடுக்கிய பரணிலோ வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். ஒரே அறையில் ஆறு பேர் உறங்கும் வீட்டில் அது வேண்டாத விளையாட்டு.

மூன்றாவது கேள்வி: என்ன நிறம்?

பல தலைவிளக்குகளில் வெள்ளையோடு சிவப்பு ஒளியும் இருக்கும். இஃது அழகுக்காக வைத்ததன்று. மங்கிய ஒளியில் நமக்குப் பார்வை தரும் கண்ணணுக்கள் சிவப்பை மிகக் குறைவாகவே உணரும். ஆகவே தாழ்ந்த சிவப்பு ஒளியில் நாம் பார்த்துக்கொண்டிருந்தாலும், இருட்டுக்குப் பழகிய பார்வை பெரிதும் கெடாது. எலியின் கண்ணிலோ சிவப்பை உணரும் தனி அணுக்களே இல்லை. கூண்டு வைத்த இடத்தைத் தொலைவிலிருந்து நோட்டமிட வெள்ளையைவிடச் சிவப்பு நல்லது. சந்தில் வெளியே படுத்து உறங்குவோர் முகத்தில் வெள்ளை ஒளியை அடிக்காமல் கடந்து செல்லவும் அது உதவும். பகலெல்லாம் உழைத்தவரின் உறக்கத்தைக் கெடுக்க நமக்கு என்ன உரிமை?

ஆனால் ஓர் எச்சரிக்கை. சிவப்பு ஒளியில் சிவப்பு நிறம் தனித்துத் தெரியாது. கூண்டைத் திறக்கும்போதும், எலி கடித்ததா என்று கையைப் பார்க்கும்போதும், கால் வெட்டுப்பட்டதா என்று சோதிக்கும்போதும் வெள்ளை ஒளியையே போடவேண்டும். சிவப்பு ஒளியில் வெள்ளைத் துணியில் பட்ட இரத்தத்தைக்கூடக் காணாமல் விடலாம்.

நான்காவது கேள்வி: மழைக்குத் தாங்குமா?

மும்பையில் நான்கு மாதம் மழை. நீர் புகாத தன்மையை ஐ.பி. என்ற குறியீட்டால் காட்டுகிறார்கள். ஐ.பி.எக்ஸ்.-4 என்றால் எத்திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.-7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். மழையில் நடப்பதற்கு முன்னதே போதும். கால்வாய் ஓரத்தில் வேலை செய்பவருக்குப் பின்னது நல்லது. விளக்கு நழுவிச் சாக்கடையில் விழாது என்று யார் சொல்ல முடியும்? பாட்டரி மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமே நீரைத் தடுக்கிறது. அதில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் நீர் புகும். பாட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் அதனைத் துடைத்துவிட்டு மூடவேண்டும்.

ஐந்தாவது கேள்வி: தலைக்குப் பொருந்துமா?

கடையில் ஒரு நிமிடம் மாட்டிப் பார்ப்பது வேறு. ஏழு மணி நேரம் சுமப்பது வேறு. முன்புறம் கனம் மிகுந்தால் விளக்கு மூக்கின் மேல் சரியும், கழுத்தும் வலிக்கும். பெரிய பாட்டரி உள்ளவற்றில் அது தலையின் பின்புறம் இருந்தால் நிறை சமனாகும். பட்டையைக் கழற்றித் துவைக்க முடியவேண்டும். எலிக் கழிவும் வியர்வையும் பட்ட பட்டையை வாரக்கணக்கில் நெற்றியில் கட்டலாமா? பொத்தான் கையுறையோடு அழுத்தக்கூடிய அளவில் இருக்கவேண்டும். எலிக்கூண்டைக் கையுறையில்லாமல் தொடக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொத்தானை அழுத்தியதும் தாழ்ந்த ஒளி முதலில் வருவதே சிறந்தது. கண்ணும் காப்பாற்றப்படும், பாட்டரியும் காப்பாற்றப்படும்.

வீட்டிலேயே செய்யும் சோதனைகள்

வாங்கிய விளக்கை நேரே வேலைக்குக் கொண்டு போகாதீர்கள். நான் செய்த முதற் பிழை அதுதான். கீழ்க்கண்ட சோதனைகளை ஒரு விடுமுறை நாளில் செய்துவிடலாம்.

1. பாட்டரியை நிறுத்துப் பாருங்கள்.

2. புதிய பாட்டரி போட்டு, வேலைக்கு வேண்டிய ஒளிநிலையில் விளக்கை எரியவிடுங்கள். அரைமணிக்கு ஒருமுறை, பத்தடி தூரத்துச் சுவரில் ஒட்டிய செய்தித்தாளின் தலைப்பைப் படிக்க முடிகிறதா என்று பார்த்து, நேரத்தோடு குறித்து வையுங்கள். படிக்க முடியாமற்போன நேரமே உங்கள் விளக்கின் உண்மையான எரியும் நேரம். அது மங்கி அணைந்ததா, சட்டென்று அணைந்ததா என்பதையும் எழுதுங்கள்.

3. நீரில் மூழ்குவதைத் தாங்கும் என்று எழுதியிருந்தால், பாட்டரியை எடுத்துவிட்டு, மூடியை இறுக்கி, உள்ளே காகிதத் துண்டு ஒன்றை வைத்து, வாளி நீரில் அரைமணி ஆழ்த்துங்கள். காகிதம் நனைந்திருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். தெறிக்கும் நீரை மட்டும் தாங்கும் விளக்கென்றால் குழாயடியில் தெளித்துப் பார்த்தாலே போதும்.

4. இடுப்பளவு உயரத்திலிருந்து கோணிப்பையின் மேல் மூன்று முறை விழவிடுங்கள். ஒளி துடித்தால் உள்ளே இணைப்பு தளர்வு என்று அறிக.

5. கண்ணை மூடிக்கொண்டு பாட்டரியை மாற்றிப் பழகுங்கள். அணையும் நேரத்தில் நீங்கள் குருடர்தாமே!

இவையெல்லாம் செய்த பின்னும், சட்டைப் பையில் இன்னொரு சிறு டார்ச் இருக்கட்டும். தனியொரு விளக்கை நம்பி இருட்டில் இறங்கக் கூடாது. விளக்கு அணைந்தால் செய்யவேண்டியது ஒன்றே: அசையாமல் நின்று, இரண்டாவது விளக்கைப் போட்ட பிறகே காலை எடுக்கவேண்டும்.

விளக்கு காப்பாற்ற முடியாத இடம்

இக்கட்டுரையைப் படித்துவிட்டு, நல்ல தலைவிளக்கு இருந்தால் பாதாளச் சாக்கடைக்குள்ளும் இறங்கலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அங்கே ஆளைக் கொல்வது இருட்டன்று, நச்சுக்காற்று. ஹைட்ரஜன் சல்பைடு வாயு மிகும்போது மூக்கின் மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணுகிறவன் மயங்கி விழுவான். மீத்தேன் சேர்ந்த இடத்தில் சாதாரண விளக்கின் பொத்தானில் எழும் சிறு பொறியும் தீயாகலாம். அத்தகைய இடங்களுக்கென்று தனியே சான்று பெற்ற விளக்குகள் உள்ளன; அவையும் காற்றைத் தூய்மையாக்குவதில்லை. தக்க பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாக்கடையில் மாண்டோர் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ‘தம்பி, விளக்குதான் இருக்கிறதே, கொஞ்சம் இறங்கிப் பார்’ என்று எவரேனும் சொன்னால், மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. இதனை நம் வீட்டாருக்கு நாம் சொல்லவேண்டும்.

ஒரு வேண்டுகோள்

சித்தப்பா இப்போது வேறு விளக்கு வைத்திருக்கிறார். சிறிய பாட்டரிகள் மூன்று போடும் எளிய விளக்கு. கடைக்காரர் அதனைப் பெருமையாக எடுத்துக் காட்டவில்லை. மூலையிலிருந்து தேடி எடுத்தார். நான் செய்தித்தாள் சோதனை செய்து பார்த்தேன்: தாழ்ந்த ஒளியில் எட்டரை மணி நேரம் நின்றது, கடைசி ஒரு மணி நேரம் மங்கிக்கொண்டே வந்தது. “இது சொல்லிட்டுத்தாம்ல போவுது” என்றார் சித்தப்பா. மாற்றுப் பாட்டரியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பையில் வைத்துக்கொள்கிறார். காலில் முழங்கால் வரை ரப்பர் காலணி. இன்றும் இரவு 11 மணிக்குத்தான் புறப்படுகிறார்.

நண்பர்களே! தாராவியிலும் செம்பூரிலும் நம்மவர் பலர் இரவு வேலை செய்கிறார்கள். அவர்கள் கூலியிலிருந்து விளக்கு வாங்குகிறார்கள். பெட்டியில் உள்ள எண்ணை நம்பி வாங்குகிறார்கள். அந்த எண் மெய்யா பொய்யா என்று சோதிக்கும் கருவிகள் நம் ஆய்வுக்கூடத்தில் வாரம் முழுவதும் அலமாரியில் உறங்குகின்றன. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் மன்றத்தார் நால்வர் ஒரு தராசும், ஒரு வாளியும், ஒரு மின்னளவியும், ஒரு கடிகாரமும் எடுத்துக்கொண்டு தாராவியில் உட்கார்ந்தால் என்ன? விளக்கைக் கொண்டு வருவோருக்குச் சோதித்து, இத்தனை மணி நேரம் எரியும், இப்படி அணையும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். ஆசிரியரிடம் பேசிக் கருவிகளைக் கேட்டு வாங்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். கூட வர விரும்புவோர் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஆடி மழைக்கு முன்னால் முதல் ஞாயிறு நடந்துவிட்டால் நல்லது.